கூத்தும் காட்சிச்சாலையும்

திருவண்ணாமலையிலிருந்து வேலூர் செல்லும் பெருவழியில், நகரத்தை அடுத்து அமைந்துள்ள ஊர் வேங்கிக்கால். மாவட்ட ஆட்சியர் அலுவலகம் அங்கு இருப்பதால், பகற்பொழுதில் பல ஊர் மக்களும் வந்து கூடுவர். எழுதிய மனுவைக் கையில் ஏந்தித் தம் முறைக்காகக் காத்து நிற்கும் உழவர் பலரை அங்குக் காணலாம். அவர்களுள் ஒருவர், முன்னாள் இரவு தம் ஊர்த் திரௌபதியம்மன் கோயில் வெளியிலே முடி தரித்த துரியோதனனாக நின்று முழங்கியவராக இருக்கவுங்கூடும். ஏனெனில், இம்மாவட்டம் தெருக்கூத்துக்குப் பெயர்பெற்ற நிலமாகும்.

பங்குனி தொடங்கி ஆடி வரையில் இப்பகுதிச் சிற்றூர்களிற் பாரத விழா நடைபெறும். பகலிற் பாரதச் சொற்பொழிவும் இரவிற் கூத்தும் நிகழும். கூத்தர் சிறு கண்ணாடி ஒன்றை எதிரில் வைத்துக்கொண்டு, தம் முகத்திற்குத் தாமே வண்ணம் தீட்டிக்கொள்வர். முடி, தோளணி, மார்பணி ஆகியவை கல்யாண முருங்கை போன்ற எடை குறைந்த மரத்தாற் செய்யப்பட்டவை; வண்ணத்தாளும் கண்ணாடிச் சில்லும் பதிக்கப்பட்டவை. அவற்றைக் கயிற்றால் இறுக்கிக் கட்டிக்கொள்வர். மத்தளமும் முகவீணையும் தாளமும் ஒலிக்க, இருவர் திரை பிடிப்பர். திரைக்குப் பின்னின்று வேந்தன் பாடுவான். திரைக்கு முன்னின்று கட்டியக்காரன் அவனைப் பேச்சுக்கு இழுப்பான். பின்பு திரை விலகும். விளக்கொளியிற் கண்ணாடிச் சில்லுகள் மின்ன, வேந்தன் சுழன்று ஆடுவான். பொழுது புலரும்போது கூத்து முடியும். முடியும் தோளணியும் பெட்டிக்குட் செல்லும். கூத்தர் வயலுக்குச் செல்வர்.

இப்பொழுது நாம் ஒரு வினாவை எழுப்பிப் பார்ப்போம். பெட்டிக்குட் சென்ற அம்முடியை எடுத்து, நகரத்து மாளிகையொன்றிற் கண்ணாடிப் பேழைக்குள் வைத்து, அதன்கீழ் ‘தெருக்கூத்து முடி, மரம்’ என்று எழுதிவைப்போமாயின், அதைக் காண்பவர் கூத்தை அறிந்தவராவரோ? ஆடற்கலையைக் காட்சிச்சாலையில் வைத்துக் காக்க இயலுமா? உலகத்தின் பல நாடுகளில் இன்று அறிஞர் இவ்வினாவைக் கேட்டு வருகின்றனர். ஆப்பிரிக்க நாட்டு மக்களோ, வேறெவரினும் மிகுந்த வருத்தத்தோடு இதனைக் கேட்கின்றனர். அதன் காரணத்தை அறிந்துகொள்வது நமக்கும் பயன் தருவதாகும்.

பழம்பொருள்களையும் கலைப்பொருள்களையும் தொகுத்து, காத்து, மக்களுக்குக் காட்டும் இடமே காட்சிச்சாலை. நம் மாநிலத்தில் இவ்வகையில் மூத்தது சென்னை எழும்பூரில் உள்ள அரசு காட்சிச்சாலையாகும். இது 1851ஆம் ஆண்டில் கோட்டைக் கல்லூரிக் கட்டடத்திலே தொடங்கப்பெற்றது. 1854இல் இப்போதுள்ள இடத்திற்கு மாற்றப்பட்டது. சென்னைப் பொதுமக்கள் இதனைச் ‘செத்த காலேஜு’ என்றும், விலங்குகளைக் காட்டிய இடத்தை ‘உயிர்க் காலேஜு’ என்றும் வழங்கினர். கல்வியறிவில்லாதார் வாய்ப்பேச்சு என்று இதனைத் தள்ளிவிட வேண்டா. ஆழ்ந்து நோக்கினால், இப்பெயர்களுள் ஓர் உண்மை பொதிந்திருப்பது புலப்படும். காசும் கல்வெட்டும் பேழைக்குள் இருந்தவாறே தம் செய்தியைச் சொல்லும். ஆடுவதற்கென்று செய்த பொருளோ, ஆட்டம் நின்றவுடன் பாதி உயிரை இழந்துவிடுகிறது.

ஆப்பிரிக்கா ஒரு நாடன்று. 54 நாடுகளைக் கொண்ட பெருங்கண்டம். அங்கு வழங்கும் மொழிகள் ஆயிரத்துக்கு மேற்பட்டவை. ஆதலால் ‘ஆப்பிரிக்கக் கலை’ என்று ஒரே சொல்லில் அடக்குவது எளிதன்று. எனினும், மேற்கு ஆப்பிரிக்க மக்கள் பலரிடையே சிறந்து விளங்கும் ஒரு கலை முகமூடி ஆட்டமாகும். முகமூடி என்றவுடன் முகத்தை மறைக்கும் மரத்துண்டை மட்டுமே நாம் எண்ணுகிறோம். அம்மக்களோ அதனோடு சேர்ந்த நாராடை, அணி, பாட்டு, முழவு, ஆடுவோன், ஆடும் நாள், ஆடும் இடம் ஆகிய அனைத்தையும் ஒன்றாகவே கருதுவர். முகம் அவற்றுள் ஓர் உறுப்பு மட்டுமே.

சில சான்றுகளைக் காண்போம். மாலி நாட்டில் பமானா என்னும் உழவர் குடியினர் வாழ்கின்றனர். மனிதனுக்கு உழவைக் கற்றுக்கொடுத்த தெய்வப்பிறவி சிவாரா என்பது அவர்தம் நம்பிக்கை. கொம்புடைய மான்போல் மரத்திற் செதுக்கிய சிவாரா உருவத்தைக் கூடைபோல் முடைந்த குல்லாயிற் பொருத்தித் தலையில் அணிந்து, ஆணும் பெண்ணுமாகிய இரு மான்களின் வடிவில் இருவர் ஆடுவர். உழவிற் சிறந்தவரைப் போற்றி ஊக்குவது இவ்வாட்டத்தின் நோக்கம்.

அதே நாட்டில் டோகோன் என்னும் மக்கள் பாறைச் சரிவுகளிலே ஊரமைத்து வாழ்கின்றனர். இறந்தவரின் உயிரை முன்னோர் உலகிற்கு வழியனுப்பும் பொருட்டு அவர்கள் தமா என்னும் பெருஞ்சடங்கை நடத்துவர். அப்போது கானகா என்னும் முகமூடி தோன்றும். அதன் உச்சியில் இரட்டைக் குறுக்குச் சட்டங்களைக் கொண்ட உயரமான மரவேலை அமைந்திருக்கும். ஆடுவோன் இடுப்பை வளைத்து, அவ்வுச்சி நிலத்தைத் தொடுமாறு தலையைச் சுழற்றி எழுவான். இதற்கு எத்துணைக் கழுத்து வலிமையும் பயிற்சியும் வேண்டும் என்பதைக் கூத்து முடியைச் சுமந்து சுழலும் நம்மூர்க் கூத்தர் நன்கு அறிவர்.

நைசீரியா, பெனின், டோகோ ஆகிய நாடுகளில் வாழும் யொரூபா இன மக்களிடையே கெலெடே என்னும் ஆட்டம் உண்டு. மூதன்னையரின் ஆற்றலைப் போற்றுவதற்காக இஃது ஆடப்படுகிறது. எனினும் முகமூடி அணிந்து பெண் வடிவில் ஆடுவோர் ஆடவரே. இரவில் எஃபே என்னும் முகமூடியர் வந்து பாடுவர். ஊரில் நிகழும் தவறுகளையும் செருக்குடையோர் செயல்களையும் நகைச்சுவையோடு இடித்துரைப்பது அவர் உரிமை. இதனைப் படிக்கும்போது நம் கட்டியக்காரன் நினைவுக்கு வருகின்றான் அல்லனோ? அரசனையே எள்ளி நகையாடும் உரிமை பெற்றவன் அவன். பெண்வேடத்தை ஆடவரே ஏற்கும் வழக்கமும் நம் கூத்தில் நெடுங்காலமாக உண்டு.

இத்தகைய முகமூடிகள் பத்தொன்பதாம் நூற்றாண்டிலும் அதன் பின்னரும் பெருந்தொகையாக ஐரோப்பாவிற்குச் சென்றன. அக்காலத்தில் ஆப்பிரிக்காவின் பெரும்பகுதி ஐரோப்பியர் ஆட்சிக்கு உட்பட்டிருந்தது. சில பொருள்கள் விலைக்கு வாங்கப்பட்டன; சில பரிசாகப் பெறப்பட்டன; சில படையெடுப்பின்போது கொள்ளையிடப்பட்டன. 1897இல் ஆங்கிலப் படை இன்றைய நைசீரியாவில் உள்ள பெனின் நகரைத் தாக்கி, அரண்மனையிலிருந்த வார்ப்புச் சிற்பங்களை அள்ளிச் சென்றது வரலாறு. முகமூடிகளைத் திரட்டியவர் பலர், நாராடையைக் களைந்துவிட்டு மரமுகத்தை மட்டும் எடுத்துச் சென்றனர். 1907இல் பாரிசு மாநகர்க் காட்சிச்சாலையொன்றில் பிக்காசோ என்னும் ஓவியர் இவற்றைக் கண்டு வியந்தார். ஐரோப்பிய ஓவியத்தின் போக்கே மாறுவதற்கு அவ்வியப்பு துணைசெய்தது. முகங்கள் புகழ்பெற்றன; ஆனால் அவற்றை ஆட்டுவித்த முழவோசை அம்மாளிகைகளிற் கேட்கவில்லை.

மேற்கு ஆப்பிரிக்காவில் அட்லாண்டிக் கடலோரத்தில் அமைந்த நாடு செனகல். அஃது 1960இல் பிரெஞ்சு ஆட்சியினின்றும் விடுதலை பெற்றது. அதன் முதற் குடியரசுத் தலைவரான லியோபோல்டு செடார் செங்கோர் சிறந்த கவிஞருமாவார். தம் மக்களின் கலைகள் பிறர் மாளிகையில் மட்டுமே விளங்குவது அவருக்கு உவப்பாயில்லை. 1966ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதத்தில், தலைநகராகிய டக்காரில் அவர் உலகக் கறுப்பினக் கலைவிழா ஒன்றை நடத்தினார். பல நாட்டுச் சிற்பங்கள் ஒருபுறம் காட்சிக்கு வைக்கப்பட்டன. மறுபுறம் ஆடலும் பாடலும் நாடகமும் நிகழ்ந்தன. பொருளும் ஆட்டமும் ஒரே நகரில் ஒருங்கே விளங்கிய விழா அது. அத்தகைய கலைகளுக்கென நிலையான மாளிகை ஒன்று டக்காரில் அமைய வேண்டும் என்பது செங்கோரின் விருப்பம்.

அவ்விருப்பம் நிறைவேற அரை நூற்றாண்டு ஆயிற்று. 2018ஆம் ஆண்டு டிசம்பர் 6ஆம் நாள், சீன நாட்டின் பொருளுதவியோடு கட்டப்பெற்ற கறுப்பின நாகரிகக் காட்சிச்சாலை டக்காரில் திறக்கப்பட்டது. தென்செனகலிலுள்ள வட்ட வடிவ வீடுகளை நினைவூட்டும் பெருங்கட்டடம் அது; பரப்பு ஏறத்தாழ 14,000 சதுர மீட்டர்; ஏறத்தாழ 18,000 பொருள்களை வைக்க இடமுண்டு. ஆனால் வைக்கத்தக்க பொருள்களுட் பல வெளிநாடுகளில் இருந்தன. அதே ஆண்டில், பிரெஞ்சுக் குடியரசுத் தலைவரின் வேண்டுகோட்படி, செனகல் அறிஞர் பெல்வின் சாரும் பிரெஞ்சு அறிஞர் பெனடிக்ட் சவுவாயும் ஆராய்ந்து ஓர் அறிக்கை அளித்தனர். சகாராவுக்குத் தெற்கிலுள்ள ஆப்பிரிக்காவைச் சேர்ந்த ஏறத்தாழ 90,000 பொருள்கள் பிரான்சின் பொதுக் காட்சிச்சாலைகளில் உள்ளன என்றும், முறையின்றிக் கொண்டுவந்தவற்றைத் திருப்பித் தருதல் வேண்டும் என்றும் அவ்வறிக்கை கூறிற்று. 2019இல் உமர் தால் என்னும் தலைவரோடு தொடர்புடைய வாள் ஒன்று டக்காரில் செனகலிடம் ஒப்படைக்கப்பட்டது. 2021இல் 26 அரசுரிமைப் பொருள்கள் பெனின் நாட்டுக்குத் திரும்பின.

இவ்வருத்தமும் இம்மகிழ்ச்சியும் நமக்குப் புதியன அல்ல. அரியலூர் மாவட்டத்துச் சிறிபுரந்தான் கோயிலினின்றும் களவுபோன நடராசர் திருவுருவம் ஆத்திரேலியக் காட்சிச்சாலையொன்றில் சில ஆண்டுகள் இருந்து, 2014இல் இந்தியாவிற்கு மீண்டதை நாம் அறிவோம். பிறந்த இடத்தினின்றும் பெயர்க்கப்பட்ட பொருள், அழகிழவாவிடினும் பொருளிழந்து நிற்கும்.

செங்கோருக்கும் தமிழுக்கும் ஒரு தொடர்பு உண்டு. திராவிடப் பண்பாட்டின்பால் அவர் பெருவிருப்பங் கொண்டிருந்தார். டக்கார்ப் பல்கலைக்கழகத்தில் இந்திய ஆப்பிரிக்க ஆய்வுத்துறை தோன்றச் செய்தார். தமிழறிஞர் க. ப. அறவாணன் அங்குச் சென்று பணியாற்றி, தமிழர் வழக்கங்களையும் ஆப்பிரிக்கர் வழக்கங்களையும் ஒப்பிட்டு எழுதினார். இருதிறத்து மொழிகளும் ஓரினத்தவை என்னும் கருத்தை மொழியறிஞர் பெரும்பாலும் ஏற்பதில்லை. ஆயினும், முன்பின் அறியாத இரு நிலத்து மக்கள் இரவெல்லாம் விழித்திருந்து ஆடலாலும் பாடலாலும் அறம் உரைத்தனர் என்பது எண்ணி மகிழத்தக்கதே.

இனி, நம் வினாவிற்கு வருவோம். ஆடற்கலையைக் காட்சிச்சாலை காப்பது எவ்வாறு? அதற்கு மூன்று வழிகள் உண்டு. முதலாவது, பொருளை முழுமையாக வைத்தல். முகத்தை மட்டும் சுவரில் மாட்டாமல், ஆடையோடும் அணியோடும் உருவத்திற்குப் பூட்டி, செய்தவர் யார், ஆடும் நாள் யாது, பாடும் பாட்டு யாது என்பனவற்றையும் எழுதிவைக்க வேண்டும். இரண்டாவது, ஆட்டத்தை ஒலிப்பதிவாகவும் படச்சுருளாகவும் பதிந்து, பொருளின் அருகிலேயே காட்டுதல். மூன்றாவது, காட்சிச்சாலையிலேயே ஆடுகளம் அமைத்துக் கலைஞரை அழைத்து ஆடச் செய்தல். சென்னைக்குத் தெற்கே முட்டுக்காட்டில் 1996இல் திறக்கப்பட்ட தட்சிணசித்திரா இம்மூன்றாம் வழியைப் பின்பற்றுகிறது. தென்னாட்டுப் பழைய வீடுகளை எடுத்து அமைத்துள்ள அவ்விடத்தில் நாட்டுப்புறக் கலைகளும் நிகழ்த்தப்பெறுகின்றன.

இவ்வழிகளிலும் குறை உண்டு என்பதை மறைத்தல் கூடாது. இரவு முழுதும் நிகழும் கூத்தை ஒரு மணி நேரத்திற் சுருக்கினால், பதினெட்டாம் நாட் போர் முடிந்த விடியற்காலையில் ஊரார் படுகளத்தைச் சூழ்ந்து நிற்கும் உணர்ச்சி எங்கிருந்து வரும்? மண்ணால் அமைத்த துரியோதனன் உருவத்தின் அருகே திரௌபதி கூந்தல் முடிக்கும்போது, காண்போர் கை கூப்புகின்றனர். அவர்கள் வெறும் பார்வையாளர் அல்லர், விழாவின் உறுப்பினர். மேலும், எல்லாவற்றையும் எல்லார்க்கும் காட்டுதல் முறையாகாது. செனகலிலும் காம்பியாவிலும் மாண்டிங்க மக்கள், இளைஞரின் சடங்குக் காலத்திற் கங்குராங் என்னும் முகமூடியைத் தோற்றுவிப்பர். மரப்பட்டை நாரால் உடல்முழுதும் மறைத்து வரும் அவ்வுருவம் இளைஞரைத் தீங்கினின்றும் காப்பது. ஊரில் ஒழுங்கை நிலைநாட்டுவது. அதன் மறைபொருளைப் பேழைக்குள் விரித்துக் காட்டினால், அதன் பெருமையையே குலைத்தவராவோம். கெலெடே, கங்குராங் ஆகிய இரண்டும் 2008இல் ஐக்கிய நாடுகளின் கல்வி, அறிவியல், பண்பாட்டு அமைப்பால் மனிதகுலத்தின் தொட்டுணரவியலாத மரபுச் செல்வங்களின் பட்டியலிற் சேர்க்கப்பட்டன. பொருளை மட்டுமன்றிப் பயிற்சியையும் காக்க வேண்டும் என்பதை உலகம் ஒப்புக்கொண்டதற்கு இது சான்று.

பொருளைக் காத்தாலும் ஆள் இல்லையேல் கலை இல்லை. ஆள் இருந்தாற் பொருள் இழந்தும் கலை வாழும். இதற்கு நம் நாட்டிலேயே சான்று உண்டு. குசராத்து மாநிலத்தில் சித்தி என்னும் மக்கள் வாழ்கின்றனர். அவர்தம் முன்னோர் பல நூற்றாண்டுகளுக்கு முன் கிழக்கு ஆப்பிரிக்காவினின்றும் அடிமைகளாகவும் போர்வீரராகவும் கடலோடிகளாகவும் வந்தவர். தம் தாய்மொழியை இழந்து, இந்நாட்டு மொழியைத் தம் மொழியாக்கிக்கொண்டனர். எனினும் முழவின் நடையையும் ஆட்டத்தின் அடியையும் மறக்கவில்லை. இரத்தன்பூரில் உள்ள பாவா கோர் என்னும் பெரியாரின் அடக்கத்தலத்தில் அவர்கள் ஆடும் தமால் ஆட்டத்தில், ஆப்பிரிக்க முழக்கத்தை இன்றும் கேட்கலாம். சுரைக்குடுக்கை பொருத்திய வில்லில் ஒற்றை நாண் பூட்டி வாசிக்கும் மலுங்கா என்னும் கருவியும் அவர்களிடம் உண்டு. நம் தென்பாண்டி நாட்டு வில்லுப்பாட்டைப் போல, வில்லையே இசைக்கருவியாக்கிய கலை அது. அதனை வாசிக்கத் தெரிந்தவர் இப்போது மிகச் சிலரே. எந்தக் காட்சிச்சாலையும் இல்லாமல் இத்தனை தலைமுறை வாழ்ந்த கலை, கற்பார் குறையுமானால் ஒரே தலைமுறையில் மறைந்துபோகும்.

நம் மாவட்டத்திலேயே செய்யாற்றுப் பகுதியில் புரிசை என்னும் சிற்றூர் உள்ளது. கண்ணப்பத் தம்பிரான் போன்ற பெருங்கலைஞரைத் தந்த கூத்து மரபு அவ்வூருடையது. தந்தை மகனுக்கும் ஆசான் மாணாக்கனுக்கும் பயிற்றி, தலைமுறை தலைமுறையாக அங்குக் கூத்து வளர்ந்து வருகிறது. 1977இல் நாடக ஆசிரியர் ந. முத்துசாமி சென்னையில் நிறுவிய கூத்துப்பட்டறைக்கும் இம்மரபு வழிகாட்டியாயிற்று. ஒரு சிற்றூரின் கலை பெருநகரத்தின் நாடகத்திற்கு ஊற்றாவது, அது கற்பிக்கப்படும் வரையிலேயே நிகழும்.

ஆகவே, காட்சிச்சாலை வேண்டும். அது மட்டும் போதாது. உழவர் குதிரிலே விதைநெல்லைக் காப்பதை நாம் அறிவோம். எலியும் ஈரமும் அணுகாமற் காத்தல் இன்றியமையாதது. ஆனால் விதைநெல் குதிருக்காக விளைந்ததன்று. பருவந்தோறும் எடுத்து வயலில் விதைக்காவிட்டால், பார்வைக்கு நெல்லாகவே இருந்தும் முளைக்கும் ஆற்றலை இழந்துவிடும். காட்சிச்சாலை குதிர், ஊர் வயல், ஆடவும் கேட்கவும் முன்வரும் மக்களே மழை.

அடுத்த முறை நும் ஊரிலோ பக்கத்து ஊரிலோ கூத்து நிகழுமாயின், மாலையிலேயே ஒப்பனை செய்யும் இடத்திற்குச் செல்லுங்கள். பெரியவர்களை வணங்கி, ஒவ்வோர் அணியின் பெயரையும், அதனைச் செய்தவர் யார் என்பதையும், அவர் யாரிடம் கற்றார் என்பதையும் கேட்டு, ஒரு குறிப்பேட்டில் எழுதிக்கொள்ளுங்கள். பின்பு திரை விலகும்வரை விழித்திருந்து கூத்தைக் காணுங்கள். அக்குறிப்பேடு உங்கள் ஊர்க் காட்சிச்சாலையின் முதல் ஏடாக விளங்கும். உங்களுள் ஒருவர் அடுத்த ஆண்டு தாளம் ஏந்தி மேளக்காரருடன் அமர்வாராயின், அஃது அதனினும் சிறந்ததாகும்.